எரிய மாட்டேன்னு அடம் பிடிச்ச ஃபர்னஸ்

(டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுநடுவே வோல்ட், ஆம்பியர் எல்லாம் வரும். அலர்ஜி இருக்கிறவங்க ஒரு காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.)

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்ல மனசு வரலை. உண்மை என்னன்னா, ஒரு வேனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

டென்வருக்கு வேலைக்கு வர்றவனுக்கு ரெண்டு வியாதி தொத்திக்கும். ஒண்ணு மலை ஏறுறது. இன்னொண்ணு கேம்பர் வேன் வாங்குறது. முதல் வியாதிக்கு நம்ம முட்டி ஒத்துழைக்கலை. ரெண்டாவது போன வருஷம் கோடையில வந்துச்சு. என்னை விட வயசு கூடின ஒரு பழைய வேன். உள்ளேயே கட்டில், ரெண்டு பர்னர் அடுப்பு, சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், குளிருக்கு ஒரு ஃபர்னஸ். சபரிமலை சீசன்ல அண்டா குண்டாவோட வேன் கட்டிக்கிட்டுப் போவோம்ல, அதையே கொஞ்சம் நாகரிகமா செஞ்சா கேம்பர் வேன். அவ்ளோதான் :)

இந்த ஃபர்னஸ்தான் நம்ம கதாநாயகன். வில்லனும் அவரேதான்.

வண்டிக்கு அடியில இருக்கிற டாங்க்ல இருந்து புரொப்பேன் வரும். நம்மூர் வீட்டு சிலிண்டர்ல இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா ஆவியாக மாட்டேன்னு படுத்துக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் அசராது. அதனாலதான் குளிர் ஊர் வண்டிகள்ல புரொப்பேன். நம்ம ஃபர்னஸ் மணிக்கு 16,000 பி.டி.யூ. சக்தியுள்ளது. ஒரு கேலன் புரொப்பேன்ல சுமார் 91,500 பி.டி.யூ. இருக்கு. வகுத்துப் பாருங்க, விடாம எரிஞ்சாலும் அஞ்சரை மணி நேரத்துக்கு மேல வரும். விட்டு விட்டுத்தான் எரியும்ங்கிறதால ஒரு ராத்திரிக்கு ஒரு கேலனே தாராளம்.

எரிஞ்சா.

போன செப்டம்பர்ல நண்பன் ஒருத்தனோட லெட்வில் பக்கம் போனேன். 10,000 அடி உயரத்துல இருக்கிற ஊர். சாயங்காலம் தெர்மோஸ்டாட்டைத் திருப்பினேன். ஃபேன் ஓடுச்சு, டிக் டிக்னு பொறி அடிச்சுது, பப்ஃப்னு பத்திக்கிச்சு. சொர்க்கம். நடுராத்திரி முழிச்சுப் பார்த்தா ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு, வர்றது ஐஸ் காத்து. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் (நமக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம்). ஒரு தடவை எரிஞ்சுது. அடுத்த தடவை எரியலை. காலையில ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டோம். ரெண்டு பேர் மூக்கும் தக்காளி மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து வாசல்ல நிறுத்தி, கரண்ட் ஒயரைச் செருகி, ஃபர்னஸைப் போட்டேன். எரிஞ்சுது. பத்து தடவை போட்டேன். பத்து தடவையும் எரிஞ்சுது.

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்த நிலைமை நல்லாப் புரியும். டெஸ்ட்டிங்ல இருக்கிற பொண்ணு வந்து பக்-னு சொல்லும், நாம "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்லுவோம். இப்போ அந்த டெஸ்ட்டர் இடத்துல நான் உட்கார்ந்திருந்தேன். பாவம்யா அவங்க.

சரி, உள்ளே என்னதான் நடக்குதுன்னு கையேட்டை எடுத்துப் படிச்சேன். இந்த ஃபர்னஸ் வேலை செய்யுற விதம் நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி. ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் அடுத்த மேசைக்குப் போகும்.

முதல்ல தெர்மோஸ்டாட். "குளிருது, சூடு வேணும்"னு மனு எழுதுறவர். மனு வந்ததும் 12 வோல்ட்ல ஓடுற ஃபேன் சுத்த ஆரம்பிக்கும். ஃபேன் காத்துல ஒரு சின்னத் தகடு நிக்குது. காத்து போதுமான வேகத்துல அடிச்சா அது சாய்ஞ்சு ஒரு குட்டி சுவிட்சை அழுத்தும். இதுக்குப் பேரு செயில் சுவிட்ச். பாய்மரம் மாதிரி காத்துக்குச் சாயுறதால அந்தப் பேரு. இவர்தான் வி.ஏ.ஓ. அடுத்து லிமிட் சுவிட்ச். உள்ளே அளவுக்கு மீறி சூடானா கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிற ஆர்.ஐ. இவங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் ஃபைல் தாசில்தாருக்குப் போகும். அதாவது கன்ட்ரோல் போர்டுக்கு. அவர் கொஞ்ச நேரம் ஃபேனை ஓடவிட்டு, உள்ளே தேங்கின கேஸ் ஏதும் இருந்தா வெளியேத்திட்டு, அப்புறம் கேஸ் வால்வைத் திறந்து பொறி அடிப்பார். சில நொடிக்குள்ள தீ பிடிச்சுதான்னு பார்ப்பார். இல்லைன்னா வால்வை மூடிட்டு உத்தரவை ரத்து பண்ணிடுவார்.

இந்த ஃபைல் எந்த மேசையில நிக்குதுன்னு பார்க்கிறதை விட்டுட்டு, நான் என்ன செஞ்சேன்?

நேரா தாசில்தாரையே மாத்தினேன். ஆமாங்க, புது கன்ட்ரோல் போர்டு வாங்கிப் போட்டேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி, சர்க்யூட் போர்டுன்னா அதுலதான் கோளாறு இருக்கும்னு ஒரு நம்பிக்கை. அப்புறம் தெர்மோஸ்டாட்டை மாத்தினேன். அப்புறம் வெளியே புகை போற குழாயைத் திறந்து சுத்தம் பண்ணினேன். சிலந்தி வலை இருந்துச்சு. (சிலந்திக்கும் எரிபொருள் குழாய்க்கும் ஏதோ ஜென்ம பந்தம். 2011-ல ஒரு ஜப்பான் கார் கம்பெனி, பெட்ரோல் டாங்க் காத்துக்குழாய்ல சிலந்தி வலை கட்டுதுன்னு ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சு.) பொறி அடிக்கிற கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இடைவெளியை 3 மில்லிமீட்டருக்கு வச்சேன். ஒயரை எல்லாம் மல்ட்டிமீட்டர்ல பீப் பார்த்தேன். எல்லாம் பீப் சொல்லிச்சு. பேட்டரி 12.6 வோல்ட். எல்லாம் பாஸ்.

ஒவ்வொண்ணையும் மாத்தினப்புறம் வாசல்லயே வச்சு சோதிச்சேன். ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுது. நானும் "சரியாயிடுச்சு"ன்னு ஒவ்வொரு தடவையும் நம்பினேன். வாசல்ல வச்சிருந்தவரைக்கும் அது கெட்டுப்போகவே இல்லைங்கிறது எனக்கு உறைக்கவே இல்லை.

இந்த நேரத்துலதான் அம்மாவும் அப்பாவும் ஊர்ல இருந்து வந்தாங்க.

அப்பா மின்வாரியத்துல ஹெல்பரா சேர்ந்து, ஒயர்மேன், லைன்மேன்னு ஏறி, ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவர். சாத்தான்குளம் பக்கம் அவருக்குத் தெரியாத கம்பமே கிடையாது. மழை பெய்ஞ்சா எங்க வீட்டு போன் அடிக்கும். அப்பா டார்ச்சும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கிட்டுப் போவார். இங்க வந்தப்புறம் அவருக்கு வேலையே இல்லை. கார் ஓட்டத் தெரியாது, நடந்து போக கடை கிடையாது. காலையில நான் லேப்டாப்பைத் திறந்தா சோபாவுல உட்காருவார். சாயங்காலம் மூடும்போதும் அதே சோபாவுலதான் இருப்பார். "என்னல, இவ்ளோ நேரம் யார்ட்டல பேசுத?"ன்னு ஒரு தடவை கேட்டார். ஸ்டாண்டப் மீட்டிங்னா என்னன்னு விளக்க முயற்சி பண்ணி நானே குழம்பிட்டேன். அதுக்கப்புறம் அவர் கேட்கலை.

ஒரு நாள் நான் வேன்ல மல்ட்டிமீட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்போ பின்னாடி வந்து நின்னார்.

"டெஸ்ட் லாம்ப் இருக்கால?"

"எப்பா, டிஜிட்டல் மீட்டரே இருக்குப்பா. புள்ளி வச்சு சொல்லும்."

"மீட்டரு பொய் சொல்லும்ல. பல்பு பொய் சொல்லாது."

நான் சிரிச்சேன். இ.இ.இ. படிச்ச இஞ்சினியர்ல நானு! அவர் ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டார்.

அக்டோபர் நடுவுல கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போனோம். டென்வர்ல இருந்து தெற்கே நாலு மணி நேர ஓட்டம். வட அமெரிக்காவிலேயே உசரமான மணல் குன்றுகள் அங்கதான். அதிகபட்சம் 225 மீட்டர் வரைக்கும் எழும்பி நிக்கும், பின்னாடி மலைத்தொடர். அங்க இருக்கிற முகாம் இடமே 8,200 அடி உயரம். அம்மாவுக்குக் குளிர்ல இழுப்பு வரும். அவங்க தயங்கினப்போ நான்தான் "ஃபர்னஸ் இருக்கும்மா, புதுசா போர்டு எல்லாம் மாத்தியிருக்கேன்"னு வாக்குக் கொடுத்தேன். அப்போவே எனக்குச் சந்தேகம் போர்டுல இருந்து செயில் சுவிட்ச் பக்கம் நகர்ந்திருந்துச்சு. புதுசு ஒண்ணு ஆர்டரும் போட்டிருந்தேன். வந்து சேர இன்னும் ஒரு வாரம். வாசல்லதான் நல்லா எரியுதேன்னு கிளம்பிட்டேன்.

சாயங்காலம் எரிஞ்சுது. அம்மா ரசம் வச்சாங்க. மூணு பேரும் சாப்பிட்டுப் படுத்தோம்.

ராத்திரி ரெண்டு மணி. வெளியே 25 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 4 செல்சியஸ். அம்மா இருமுற சத்தத்துலதான் முழிச்சேன். ஃபேன் ஓடுது. ஐஸ் காத்து. ஃபேன் காத்தே குளிரை இன்னும் கூட்டுது. ஆஃப், ஆன். டிக் சத்தமே இல்லை. மறுபடியும். இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்துட்டாங்க. நெஞ்சுல விசில் மாதிரி மூச்சு கேட்குது. இன்ஹேலர் எடுத்துக் கொடுத்தேன். இருந்த கம்பளி எல்லாத்தையும் போர்த்தினேன்.

அப்புறம் டார்ச்சை வாய்ல கவ்விக்கிட்டு ஃபர்னஸ் மூடியைக் கழட்டினேன். இந்தத் தடவை ஒழுங்கா மேசை மேசையா பார்த்தேன். செயில் சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருது, அதைத் தாண்டிப் போகலை. வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடலை! பிடிச்சிட்டேன்டா திருடனைன்னு ஒரு சந்தோஷம். இந்த சுவிட்சோட ரெண்டு முனையையும் ஒரு ஒயர் வச்சு சேர்த்துட்டா போர்டுக்கு "காத்து வருது"ன்னு சேதி போயிடும். பொறி அடிக்கும். எரியும். வேன் வச்சிருக்கிறவங்க சில பேர் இப்படிச் செய்யுறது உண்டுன்னு எனக்கும் தெரியும். ஒரு சுருள் ஒயரை இதுக்காகவே எடுத்து வச்சிருந்தேன்னு இப்போ ஒத்துக்கிறேன்.

ஒயர் முனையைப் பல்லால சீவிக்கிட்டு இருந்தேன்.

"என்னல செய்யுத?"

அப்பா.

"எப்பா, இந்த சுவிட்ச் மக்கர் பண்ணுதுப்பா. இதை ஷார்ட் பண்ணிட்டா எரிஞ்சிரும். இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும்."

"அந்த சுவிட்ச எதுக்கு வச்சிருக்கான்?"

"ஃபேன்ல இருந்து காத்து ஒழுங்கா வருதான்னு பாக்கதுக்கு."

"ஒழுங்கா வருதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் இல்லை. ரெண்டு மாசத்துல இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

"ஃபேன் சுத்துதுல்லாப்பா."

"சுத்துது. ஆனா திணறுதுல. சத்தத்தக் கேளு. சாயங்காலம் இப்படியா கேட்டுது?"

கேட்டேன். உண்மைதான். சுருதி இறங்கியிருந்துச்சு.

அப்பா கட்டில் ஓரத்துல உட்கார்ந்தார். அவர் கூட வேலை பார்த்த ஒரு மாமா எங்க வீட்டுக்கு வருவார். இடது கையால காபி டம்ளர் பிடிப்பார். வலது கை முழங்கைக்குக் கீழ கிடையாது. சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன், ஏன்னு கேட்டதில்லை. அன்னைக்கு அப்பா சொன்னார். லைன் க்ளியர் வாங்கியாச்சு, சப்ளையை நிறுத்தியாச்சு. கம்பத்துல ஏறினதும் முதல் வேலையா எர்த் ராடு மாட்டணும். கரண்டுதான் இல்லியே, அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு அவர் மாட்டலை. எவனோ ஒருத்தன் ஓட்டின ஜெனரேட்டர்ல இருந்து கரண்டு திரும்பி லைனுக்கு வந்துடுச்சு.

"அவனுக்கும் அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுந்தாம்ல" என்றார் அப்பா.

நான் ஒயரைக் கீழே வச்சேன்.

இந்த இடத்துல கொஞ்சம் சீரியஸா சொல்லிடுறேன். ஃபேன் மெதுவா சுத்தும்போது தீ மட்டும் முழு வேகத்துல எரிஞ்சா, உள்ளே இருக்கிற தகடுகள்ல இருந்து சூட்டை எடுத்துட்டுப் போக ஆள் இல்லை. தகடு பழுக்கும், வளையும், நாளடைவுல விரிசல் விடும். தீக்கும் நாம சுவாசிக்கிற காத்துக்கும் நடுவுல இருக்கிற ஒரே சுவர் அந்தத் தகடுதான். தீக்குப் போற காத்தும் அதே மோட்டார்ல இருந்துதான் வருது. அது குறைஞ்சா அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். அமெரிக்காவுல வருஷத்துக்கு 400 பேருக்கு மேல இதனால தற்செயலா சாகிறாங்கன்னு அவங்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லுது. தீ விபத்துக் கணக்கு இதுல சேர்த்தி இல்லை. நிறைய பேர் தூக்கத்துலயே. நான் மூடியைக் கழட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த இடத்துல இருந்து மூணு அடி தூரத்துல அம்மா படுத்திருந்தாங்க.

"பேட்டரி வோல்டேஜ் எவ்ளோல?"

"பாத்தாச்சுப்பா. சாயங்காலமே 12.6."

"ஃபேன் ஓடும்போது பாத்தியா?"

அவ்வ்வ்வ். (வடிவேலு குரல்ல படிக்கவும்.)

பார்க்கலை. எப்பவுமே ஃபேனை நிறுத்திட்டுத்தான் பார்த்தேன். இப்போ ஃபேனை ஓடவிட்டுப் பார்த்தேன். பேட்டரி முனையில 12.1. பரவாயில்லை, ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. ஃபர்னஸ் முனையில... 10.3. கையேட்டுல குறைஞ்சது 10.5 வேணும்னு போட்டிருக்கு. நடுவழியில 1.8 வோல்ட்டை யாரோ முழுங்கியிருக்காங்க.

"ஊர்ல லோ வோல்டேஜ்னு கூப்புடுவாவல்லா," அப்பா இப்போ முழுசா முழிச்சுட்டார், குரலே மாறிடுச்சு, "மீட்டர் வச்சா 230 காட்டும். மோட்டாரப் போட்டா 170-க்கு விழும். போயிப் பாத்தா கம்பத்துல ஜம்பர் லூஸா இருக்கும், கார்பன் புடிச்சிருக்கும். லோடு இல்லாம பாத்தா எல்லாம் யோக்கியந்தாம்ல. போற வழியில இல்லன்னா வாற வழியில போயிருக்கும். ரெண்டையும் தனித்தனியா பாரு."

பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபர்னஸ் பாசிட்டிவுக்கும் நடுவுல மீட்டரை வச்சேன். ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே. மீட்டர் கம்பி எட்டலை. சுவிட்சை ஏமாத்த எடுத்து வச்சிருந்த அதே ஒயர் சுருளை வச்சு நீட்டினோம். 0.1 வோல்ட். நல்ல பிள்ளை. அடுத்து நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவுல. 1.7 வோல்ட்.

"அதான்."

அந்த ஒயரையே பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஃபர்னஸ் நெகட்டிவுக்கு நேரா ஒரு நிமிஷம் இணைச்சுப் பிடிக்கச் சொன்னார் அப்பா. பிடிச்சேன். ஃபேன் சட்டுன்னு சுருதி ஏறுச்சு. பதினஞ்சு, இருபது நொடி. டிக் டிக் டிக். பப்ஃப்.

திருட்டுத்தனம் பண்ண எடுத்து வச்ச ஒயர், சாட்சி சொல்ல உதவிச்சு.

உடனே "இப்படியே விட்டுரலாமாப்பா?"ன்னு கேட்டேன். முறைச்சார். நிறுத்திட்டு நெகட்டிவ் ஒயரைத் தொட்டுக்கிட்டே போனோம். பெஞ்சுக்கு அடியில, வேன் பாடியில ஒரு போல்ட். அதுலதான் ஃபர்னஸோட எர்த் ஒயர் மாட்டியிருக்கு. துருப் பிடிச்சு, மேல பெயின்ட்டும் சேர்ந்து ஒரு கேக் மாதிரி இருந்துச்சு. லைட்டுக்கெல்லாம் வேற போல்ட், அதனால லைட் பளிச்சுன்னு எரிஞ்சு என்னை ஏமாத்தியிருக்கு. பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டிட்டு, போல்ட்டைக் கழட்டி, அம்மா பாத்திரம் தேய்க்க ஊர்ல இருந்து கொண்டு வந்திருந்த கம்பி நாரை வாங்கி, இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் அப்பா தேய்ச்சார். நான் டார்ச் பிடிச்சேன். சின்ன வயசுல கரண்ட் போன ராத்திரிகள்ல எனக்கு அந்த வேலைதான்.

மாட்டி இறுக்கிட்டுப் பார்த்தோம். பேட்டரியில 12.1, ஃபர்னஸ்ல 11.9. முதல் தடவையிலேயே பத்திக்கிச்சு. காலை வரைக்கும் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது, ஒரு தடவை கூட தவறலை. அம்மாவோட விசில் சத்தம் மெல்ல அடங்குச்சு. நான் மட்டும் தூங்கலை. கார்பன் மோனாக்சைடு அலாரத்தோட பச்சை விளக்கையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்.

அப்போதான் கணக்கு எல்லாம் வரிசையா வந்து உட்கார்ந்துச்சு.

வீட்டு வாசல்ல கரண்ட் ஒயர் செருகியிருந்தா சார்ஜர் 13.6 வோல்ட் கொடுக்கும். அதுல 1.8 போனாலும் 11.8. தாராளம். அதனால வாசல்ல எப்பவும் எரியும். முகாம்ல சாயங்காலம், வண்டி நாலு மணி நேரம் ஓடி வந்ததால பேட்டரி நிறைய இருக்கும். 12.6-ல 1.8 போனா 10.8. தொட்டும் தொடாம பாஸ். நடுராத்திரி 12.1 ஆனதும் 10.3. ஃபெயில். போதாக்குறைக்கு 8,200 அடியில காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தை விட சுமார் அஞ்சுல ஒரு பங்கு குறைவு. ஏற்கனவே திணறுற ஃபேன், லேசான காத்து, அந்தத் தகடு எப்படிச் சாயும்?

ஃபேன் இழுக்கிறது மூணரை ஆம்பியர். 1.8-ஐ 3.5-ஆல வகுத்தா அரை ஓம் சொச்சம். மொத்தமே அரை ஓம்! மல்ட்டிமீட்டர் பீப் சோதனைக்கு அரை ஓம்லாம் ஒரு பொருட்டே இல்லை, சந்தோஷமா பீப் அடிக்கும். தெவனின் தியரத்துக்குப் பதினாறு மார்க் கேள்வி எழுதினவன் நான். படம் வரைஞ்சு, பெட்டி கட்டி, விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டவன். அந்தப் பதினாறு மார்க்கும் ஒரு துருப்பிடிச்ச போல்ட்டுக்குள்ள இருந்திருக்கு.

பல்பு ஏன் பொய் சொல்லாதுன்னும் அப்போதான் புரிஞ்சுது. மீட்டர் கரண்டே இழுக்காம எட்ட நின்னு பார்க்கும். பல்பு கரண்டை இழுக்கும். சுமையைத் தூக்கச் சொன்னாத்தானே எவன் இடுப்பு ஒடிஞ்சிருக்குன்னு தெரியும்?

அந்த செயில் சுவிட்சை நினைச்சாத்தான் பாவமா இருந்துச்சு. மொத்த ஆபீஸ்லயும் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அது. "காத்து போதலை"ன்னு ரெண்டு மாசமா சொல்லியிருக்கு. நான் அதைத்தான் லஞ்சம் கொடுத்து மடக்கப் பார்த்தேன். வேலையில எத்தனை தடவை எச்சரிக்கை வர்ற வரியையே கமென்ட் பண்ணி விட்டுட்டு "சரியாயிடுச்சு"ன்னு அனுப்பியிருக்கேன்னு எண்ணிப் பார்த்தேன். வேணாம், எண்ணிக்கையை இங்க எழுதலை. எங்க மேனேஜருக்குத் தமிழ் தெரியாதுதான், இருந்தாலும் ;)

காலையில மணல் குன்றுப் பக்கம் நடந்தோம். அம்மா வெயில்ல ஒரு கம்பளியைப் போர்த்திக்கிட்டு அடிவாரத்துலயே உட்கார்ந்துட்டாங்க. அப்பா செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு ஏறினார். பாதி தூரத்துல நின்னு திரும்பிப் பார்த்தார்.

"நம்ம தேரி மாதிரியே இருக்குல. மண்ணு மட்டுந்தான் செவப்பா இல்ல. பனையும் இல்ல, கொல்லாமரமும் இல்ல."

அமெரிக்கா வந்து ஆறு வாரத்துல அவர் தானா பேச ஆரம்பிச்ச முதல் விஷயம் அது. அதுக்கப்புறம் தேரியில மணல் நகர்ந்து கம்பம் சாய்ஞ்ச கதை, ராத்திரியில லைன் பார்க்கப் போய் வழி தவறின கதைன்னு இறங்குற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தார். நானும் கேட்டுக்கிட்டே வந்தேன்.

திரும்பி வந்ததும் எர்த்துக்கு தடிமனான புது ஒயர் போட்டோம். கேஸ் லைன்ல கசிவு இருக்கா, அழுத்தம் சரியா இருக்கான்னு அதுக்கான ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த வேலையை மட்டும் நானே செய்யுறதா இல்லை. கேம்பர் வேன் வச்சிருக்கிற, வாடகைக்கு எடுக்கிற மக்களுக்கு என் அனுபவத்துல நாலே வரி:

1. ஃபேன் ஓடுது, டிக் சத்தம் இல்லைன்னா, முதல்ல ஃபேன் ஓடும்போதே ஃபர்னஸ் முனையில வோல்டேஜ் பாருங்க. காசு செலவில்லாத சோதனை.

2. வோல்டேஜ் சரியா இருந்து டிக் இல்லைன்னா செயில் சுவிட்ச் தகட்டுல முடி, தூசி சுத்தியிருக்கான்னு பாருங்க. காத்து உள்ளே போற வழியை பையோ போர்வையோ மறைச்சிருந்தாலும் இதே கதைதான்.

3. டிக் சத்தம் வந்தும் பத்திக்கலைன்னா கேஸ் இருக்கா, அடுப்பு நல்லா எரியுதா, வெளிக்குழாய்ல சிலந்தி இருக்கான்னு பாருங்க.

4. எந்த சுவிட்சையும் ஒயர் போட்டு ஏமாத்தாதீங்க. ஒரு ராத்திரிக்குக் கூட. கார்பன் மோனாக்சைடு அலாரமும் தரையோரம் கேஸ் அலாரமும் வேலை செய்யுதான்னு படுக்கப் போகும்போது அழுத்திப் பார்த்துடுங்க. (புரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், அதனால கீழதான் தேங்கும்.)

போன வாரம் அம்மாவும் அப்பாவும் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. ஏர்போர்ட்ல இருந்து திரும்பி வந்து வேன்ல எதையோ தேடினப்போ டேஷ்போர்டு டிராயர்ல ஒரு பொட்டலம் இருந்துச்சு. தினத்தந்தி பேப்பர்ல சுத்தினது, அம்மா ஊறுகாய் பாட்டிலைச் சுத்திக் கொண்டு வந்த பேப்பர். பிரிச்சேன். ஒரு பழைய கார் பல்பு, ஹோல்டர், ரெண்டு நீள ஒயர், முனையில கிளிப். ஒயர், அன்னைக்கு ராத்திரி நான் பல்லால சீவின அதே சுருள்.

சொல்லிட்டுக் கூடப் போகலை மனுஷன்.

பி.கு.: ஆர்டர் போட்ட புது செயில் சுவிட்ச் வந்து சேர்ந்துடுச்சு. கவரைப் பிரிக்கலை. பழசு நல்லாத்தான் இருக்கு :)